லீஃபெங் கட்டிய சத்தமில்லாத பெட்டி

என் மனைவி லீஃபெங் தைபேயின் குவாங்ஹுவா சந்தையில், மூன்றாம் மாடியில், இருபத்தாறு வருடம் கணினி உதிரிபாகக் கடை நடத்தினாள். கடை என்றால் இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் இரண்டு முக்காலி. நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி விட்டதும் இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். சென்ற டிசம்பரில் அவள் காலமானாள்.

அவளைத் தெரிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய கேள்விகள். வந்தவர் பிராசசர் வேகத்தைப் பற்றிக் கேட்டால், இவள் பெட்டியை எந்த அறையில் வைப்பீர்கள் என்று கேட்பாள். ஜன்னல் சாலைப் பக்கமா, அந்த அறையில் வேறு யார் தூங்குகிறார்கள், பூனை உண்டா. ஒரு கல்லூரி மாணவன் பொறுமை இழந்து, "நான் கம்ப்யூட்டர் வாங்க வந்தேனா, இல்ல எனக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்றான். "பொண்ணு பாக்குறதா இருந்தா இவ்வளவு கேக்க மாட்டேன்" என்றாள் லீஃபெங். அவன் பூனை உண்டு என்று ஒப்புக்கொண்டான். தூசித் தடுப்பு வலை வைத்த பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் கணினி கட்ட நினைப்பவர் முதலில் ஒரு மெனு எழுதுவார். சாப்பாட்டுக் கடையில் இருப்பது போலவே, எந்த மதர்போர்டு, எந்த மெமரி, என்ன விலை என்று வரிசையாக எழுதிய தாள். அதை இணைய மன்றத்தில் போட்டு, முகம் தெரியாத பத்துப் பேரிடம் திட்டு வாங்கித் திருத்தி, அச்சடித்துக்கொண்டு கடைக்கு வருவார். கடைக்காரர் அதில் உள்ளதை அப்படியே எடுத்துத் தர வேண்டும். ஒருவர் எழுதிய மெனுவில் கேட்காமல் கைவைத்தால், எழுதியவரை முட்டாள் என்று சொன்னதாக ஆகிவிடும்.

ஆறு வருடத்துக்கு முன், ஏப்ரலில் ஒரு மழை நாளில், பிளாஸ்டிக் உறைக்குள் மெனுவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு யாசூ வந்தாள். கீலூங் துறைமுகத்துப் பக்கம் தனியாக இருப்பவள், ஐம்பத்து நான்கு வயது. மெனுவை எழுதிக்கொடுத்தவன் அவளுடைய தம்பி வென்பின், கார் இன்சூரன்ஸ் விற்பவன். மொத்தம் பதினெட்டாயிரம் தைவான் டாலர். அதற்கு மேல் தன்னால் ஒரு காசு முடியாது என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதில் பாதியை ஒரு கிராபிக்ஸ் கார்டு விழுங்கியிருந்தது. பக்கச் சுவர் கண்ணாடியாலான பெட்டி, உள்ளே வண்ண விளக்கு. வேறு கடையாக இருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருப்பார்கள். லீஃபெங், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது யாசூவின் வேலை. கூட்டங்கள், நேர்காணல்கள் என்று ஒரு நிறுவனம் அனுப்பும். காதில் விழாத இடத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். மூன்று மாதமாக அவளுடைய தாள்களில் வட்டங்கள் பெருகிக்கொண்டே போயின. அடுத்து அனுப்பும் பதிவில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு இருபது வட்டத்துக்கு மேல் இருந்தால் இனி வேலை கிடையாது என்று மேலாளர் எழுதியிருந்தார். பதிவு வந்துவிட்டது; அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்து அனுப்ப வேண்டும். வீட்டு வாடகையே அந்த வருமானத்தில்தான் போகிறது.

இதெல்லாம் சொல்லிவிட்டு, தம்பியிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் அவள் சொன்னாள். "மெஷின் போச்சா, காது போச்சான்னு எனக்குத் தெரியல முதலாளியம்மா. மெஷின்னா மாத்திடலாம்."

லீஃபெங் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டால் புருவம் இரண்டும் கொஞ்சம் மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். பழைய பெட்டி என்ன மாதிரி சத்தம் போடும் என்று கேட்டாள். யாசூ தயங்கித் தயங்கி அடித்தொண்டையில் முனகினாள். நடுநடுவே நாக்கால் டிக் டிக் என்றாள். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் செய்யுங்கள் என்றாள் லீஃபெங். கேட்டுவிட்டு, முனகல் மின்விசிறி, டிக் டிக் என்பது ஹார்டு டிஸ்க் என்று சொன்னாள். காதை இறுக்கிப் பிடிக்கும் ஹெட்போன் போட்டால் யாசூவுக்குத் தலை வலிக்கும். மெல்லிய பஞ்சு வைத்ததைத்தான் எட்டு மணி நேரமும் போட்டிருப்பாள். அது அறைச் சத்தத்தை அப்படியே உள்ளே விடும். இந்த மெனுப்படி கட்டினால் கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறியும் சேர்ந்து இன்னும் சத்தம் கூடும்.

மெனுவைத் திருத்த வேண்டும். அதற்கு எழுதியவரிடம் கேட்க வேண்டும். வென்பினுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, உங்க மெனுவுல கொஞ்சம் கைவைக்கலாமா?"

"எதுல?"

"கிராபிக்ஸ் கார்டுல."

"அக்கா, அது இல்லன்னா அது கம்ப்யூட்டரே இல்ல."

"உங்க அக்கா கேம்ல டிராகன் எதையாச்சும் கொல்லப் போறாங்களா?"

"இல்ல."

"யாரோ பேசுறதக் கேக்கப் போறாங்க. அதுக்கு எதுக்கு தம்பி ஒம்போதாயிரத்துக்குக் கார்டு?"

அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள் என்றான். விளக்கு சத்தம் போடாது, இருக்கட்டும் என்றாள் லீஃபெங். ஆனால் அவள் தேர்ந்தெடுத்த பெட்டி நான்கு பக்கமும் இரும்பு. அந்த விளக்கு யாருக்கும் தெரியாமல் உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும்.

மிச்சமான பணத்தை எங்கே போடுவது என்பதில் அவள் ஒரு மணி நேரம் செலவழித்தாள். படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்கிற பிராசசர் ஒன்று, வேகம் நடுத்தரம். அதன் தலையில் அகலமான விசிறி. அகலமானது மெதுவாகச் சுற்றினால் போதும். வேலை குறைவாக இருக்கும்போது விசிறியே சுற்றாத பவர் சப்ளை, அதற்கு மட்டும் இரண்டு மடங்கு விலை. பெட்டிக்கு உள்பக்கம் கம்பளித்துணி ஒட்டியது. பழைய ஹார்டு டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே போட்டால் கொஞ்சம் மிஞ்சுமே என்று யாசூ கேட்டாள். கைப்பையில் அவள் கொண்டுவந்திருந்த அதை லீஃபெங் வாங்கி, அவள் காதருகே ஓடவிட்டாள். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு யாசூ சம்மதித்தாள். மெமரியை ஒரு படி குறைத்ததில் கணக்கு பதினேழாயிரத்து எண்ணூறில் நின்றது.

கட்டி முடித்து ஓடவிட்டபோது லீஃபெங் பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினாள். கையோடு ஒரு பச்சைப் பொட்டலமும் கொடுத்தாள். எங்கள் சந்தையிலிருந்து எந்தப் பெட்டியும் அது இல்லாமல் வெளியே போகாது. தேங்காய் வாசனை அடிக்கும் சோளப் பொரி. இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க அதன் மேல் வைப்பார்கள். பிரித்துத் தின்னக் கூடாது, பச்சையைத் தவிர வேறு நிறப் பொட்டலமும் வைக்கக் கூடாது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை காலை, யாசூ போன் செய்தாள். பெட்டி முனகுகிறது என்றாள். கடையில் சத்தமில்லாமல் இருந்தது வீட்டில் முனகுகிறது என்றால், முனகுவது பெட்டியா தன் காதா என்றே இப்போது தெரியவில்லையாம்.

வேலை நாளில் லீஃபெங் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அன்று சாத்தினாள். திருப்புளிப் பையை எடுத்துக்கொண்டு கீலூங்குக்கு ரயில் ஏறினாள். அங்கே நடந்ததை அன்று மாலை அவளே எனக்குச் சொன்னாள்.

நான்காம் மாடி வீடு. மேசையை ஒட்டிய தட்டில் பெட்டி இருந்தது. அதன் மேல்பக்கத்தில், சூடான காற்று வெளியேறும் வலையை முழுவதுமாக மூடிக்கொண்டு, மூன்று பச்சைப் பொட்டலங்கள் வரிசையாகப் படுத்திருந்தன.

"நான் ஒண்ணுதானே குடுத்தேன்?"

"பயமா இருந்துச்சு. ஒண்ணு போதுமோ என்னமோன்னு ரெண்டு வாங்கி வச்சேன்."

லீஃபெங்குக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அத்தனை வருடம் பொட்டலம் கொடுத்திருக்கிறாள். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. மூன்றையும் தூக்கி மேசையில் வைத்தாள். உள்ளே சூடு இறங்க இறங்க, வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறிகள் தணிந்தன. ஐந்து நிமிடத்தில், தெருவில் யாரோ குடையை உதறுவது கேட்டதாக யாசூ சொன்னாள்.

ஆனாலும் யாசூ ஹெட்போனைத் தொடவில்லை. இனிமேலும் வட்டம் குறையவில்லை என்றால் பழி போட வேறு எதுவும் மிச்சமில்லை.

"எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க" என்றாள் லீஃபெங்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் நேர்காணல் அது. முதல் இருபது நிமிடத்தை யாசூ கேட்டு எழுதினாள். அதே இருபது நிமிடத்தை லீஃபெங் கேட்டு, தன் காதில் விழுந்ததை எழுதினாள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். யாசூவின் தாளில் நான்கு வட்டம். லீஃபெங்கின் தாளில் பத்தொன்பது.

யாசூ வட்டங்களைத் திரும்ப எண்ணினாள். லீஃபெங் ஹெட்போனை இடம் வலமாக மாற்றிப் போட்டு மறுபடியும் கேட்டாள். பதினேழு ஆனது. ஓரிடத்தில் அவளுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. யாசூவின் தாளில் அங்கே ஒரு முழு வாக்கியம் இருந்தது. என்னதான் சொல்கிறார் என்று கேட்டதற்கு, கிழவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேட்டி எடுத்தவரிடம் மட்டும் சொல்வது என்று யாசூ விளக்கிவிட்டு, அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள்: "இந்த எடத்த வெட்டிடுங்க தம்பி, வீட்ல கேட்டா எனக்குச் சோறு கெடைக்காது." லீஃபெங் அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னாள். மூன்று தரமும் கேட்கவில்லை.

"உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம்.

இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. சந்தை இரைச்சலில் தன் காது எப்போதிலிருந்து இப்படி ஆனது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னைக் கேட்டாள். சமையலறைக்குப் போய் மெதுவாக ஏதாவது சொல், எனக்குக் கேட்கிறதா பார்ப்போம் என்றாள். போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டாள். அதைத் திரும்பச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சூப்பில் உப்பு அதிகம் என்று சொன்னதாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை யாசூ தாள்களை அனுப்பினாள். மணிக்குப் பதினொரு வட்டம். வேலை தொடர்ந்தது.

லீஃபெங் அதோடு விடவில்லை. சத்தமில்லாத பெட்டி என்று சொல்லி அவள் விற்றவை கொஞ்சநஞ்சமல்ல; சத்தமில்லை என்று முடிவு செய்தது அவள் காது. கடை நோட்டைப் புரட்டி, அப்படி வாங்கியவர்களில் எண் கிடைத்த பதினொரு பேருக்குப் போன் செய்தாள். கொஞ்சம் இரையும், எல்லாப் பெட்டியும் அப்படித்தானே என்றார்கள் மூன்று பேர். அந்த மூவருக்கும் விசிறியை இலவசமாக மாற்றிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் சத்தமில்லாத பெட்டி என்று எதையும் தானாகச் சொல்வதில்லை. கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் விடைத்தாளை மூடிவைத்துவிட்டு, பெட்டியில் காதை வைத்துக் கேட்பேன். அவள் திருப்புளியைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை, லேசாக ஏதோ கேட்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள், "இருக்குல்ல" என்று மூடியைக் கழற்றிவிட்டாள்.

கடைசியாக அவள் கட்டியது செப்டம்பரில், ஒரு செவிலியருக்கு. கைக்குழந்தை தூங்கும் அறையில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்று நான் வழக்கத்தைவிட அதிக நேரம் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினேன். லீஃபெங் மூடியைப் பொருத்தி, நான்கு திருகாணியையும் முடுக்கினாள்.