அவருக்குக் கேட்கும்போது எனக்கும் கேட்குமா?

நேற்று தண்டையார்பேட்டையில் டிவி வாங்கப் போன கடையில், என் மனைவி ஸ்டெல்லா ஒரு கேள்வி கேட்டாள். அங்கே ஒருவருக்கும் உடனே விடை தெரியவில்லை.

முதலில் என் கதை.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். காதுமூடிகள் அலமாரியில் பூட்டியே கிடக்கும். வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எங்கள் காதுக்கு வரும்.

(அந்தச் சாவியை வைத்திருந்தவர் இப்போது அங்கே பொது மேலாளராம். வாழ்த்துகள் சார். பதில் சொல்வதானால் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.)

ஐம்பது வயதில் இரண்டு காதிலும் கருவி. அப்படியும் டிவியில் பேசுவது பிடிபடாது. சத்தத்தைக் கூட்டுவேன். மாடி வீட்டுக்காரர் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் "சிலர் வீட்டு டிவி" என்று பெயர் சொல்லாமல் எழுதினார். அதற்குச் சிரிப்பு எமோஜிகள் விழுந்தன. யார் யார் போட்டார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம், ஸ்டெல்லா ஹாலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, இயர்போன் மாட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பாள். நான் ஹாலில் தனியாக உட்கார்ந்திருப்பேன்.

வேலையை விட்ட பிறகு எனக்கு இருக்கும் ஒரே மாலைத் துணை அவள். அந்தத் துணையும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

போன மாதம் டிவியும் செத்தது.

சரி, நல்லதாயிற்று என்று நினைத்தேன். என் காதுக் கருவியில் ப்ளூடூத் உண்டு, பழைய டிவியில் கிடையாது. புது டிவி வந்தால் சத்தம் நேராக என் காதுக்கு வந்துவிடும். மாடி வீட்டுக்கும் போகாது, ஸ்டெல்லாவும் ஹாலுக்கு வருவாள்.

ஐம்பத்தைந்து அங்குலம், அதிகம் கேள்விப்படாத கம்பெனி, குறைந்த விலை. இதுதான் என் தேர்வு. நாங்கள் இருக்கும் காசிமேட்டின் கடல் காற்று, எந்தக் கம்பெனி டிவிக்குள் இருக்கும் போர்டையும் சும்மா விடாது. அரித்துப் போகப்போகும் பொருளில் பெயருக்கு எதற்குக் கூடுதல் பணம்?

கடையில் எங்களைக் கவனித்தவர் அன்வர் பாய். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அவர் விலை கூடிய நாற்பத்து மூன்று அங்குல டிவியையே திரும்பத் திரும்பக் காட்டினார். அதில் கறுப்பு நிறம் இன்னும் கறுப்பாகத் தெரியுமாம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும் ஊரில் இருப்பவனிடம் கறுப்பை விற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மலிவு டிவியோடு என் கருவியை இணைக்கச் சொன்னேன். திரையில் கிளியும் அருவியுமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், மனுசன் பேசறத போடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

அவர் ஒரு செய்திச் சேனலைப் போட்டார். ஒவ்வொரு சொல்லும் காதுக்குள் தெளிவாக வந்து விழுந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒருவர் முணுமுணுத்ததுகூட எனக்குக் கேட்டது. இதையே பில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஸ்டெல்லா திரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இவருக்குக் கேக்கசொல்ல எனுக்கும் கேக்குமா? எனுக்கு ஊமைப் படமாகீது."

கருவியை இணைத்ததும் டிவியின் ஸ்பீக்கர் அடங்கிவிட்டிருந்தது. அன்வர் பாய் ரிமோட்டில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். பக்கத்துப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்தார், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், மேடமும் ஒரு ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே என்றார்.

"அத்தத்தான் இப்பவும் சமையல்கட்டுல செஞ்சிகினு கீறேன்" என்றாள் ஸ்டெல்லா. "அதுக்கு எதுக்கு பாய் புது டிவி? நானும் இவரும் ஒண்ணா குந்திப் பாக்கணும்."

அன்வர் பாய் அதற்கு மேல் விற்க முயலவில்லை. ஒவ்வொரு டிவியாக என் கருவியை இணைத்துப் பார்த்துக்கொண்டே போனார். விலை குறைந்தவை ஒவ்வொன்றும் என்னோடு மட்டும் பேசின. கடைசியில், அவர் கறுப்பைச் சொல்லி விற்கப் பார்த்த அந்த டிவிக்கே வந்தோம். அதன் ஒலி அமைப்புகளில் எங்கோ உள்ளே, ஸ்பீக்கரும் ப்ளூடூத்தும் ஒன்றாக இயங்க ஒரு வசதி இருந்தது. அதைத் தட்டினார்.

எனக்குக் கேட்டது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தலையாட்டினாள். என் காதுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

"சார், இத்தன வருசமா விக்கிறேன், இத்த ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார் அன்வர் பாய்.

பன்னிரண்டு அங்குலத்தை விட்டுக்கொடுத்து, விலை கூடியதை வாங்கினேன். கம்பெனிகளுக்குப் பெயருக்காகப் பணம் கொடுப்பதில்லை என்ற என் கொள்கை அப்படியே இருக்கிறது. இது ஸ்டெல்லாவுக்காகக் கொடுத்தது.

இன்று மாலை அவள் ஹாலில் செய்தித்தாளை விரித்து, இறால் உரித்தபடி சீரியல் பார்த்தாள். எனக்கு அந்தக் கதை ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அறையில் சத்தம் குறைவாகவே இருந்தது. வாட்ஸப் குழுவும் அமைதியாக இருந்தது.

திடீரென்று அவள் தனக்குத்தானே சொல்வதுபோல் மெல்லச் சொன்னாள். "இந்த வில்லி அப்பிடியே உங்க தங்கச்சி மாதிரி கீறா."

நான் சிரித்துவிட்டேன். அவள் கையில் இறாலோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டது. இதையெல்லாம் எப்போதிலிருந்து சொல்கிறாய்?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிகினுதான் கீறேன். உங்க சவுண்டுல ஒண்ணும் காதுல வுழல."

அதன் பிறகு சீரியலை நான் கவனிக்கவில்லை.

டிவி வாங்கப்போகும் நண்பர்களே, காதுக் கருவியோடு போனால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். என் தங்கை இதைப் படித்தால், அந்த வில்லி நல்ல அழகி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.