மாமாவின் வலது காலுக்காகப் பெரம்பலூர் வரை

கோயில் குளம் பார்க்கப் போன பயணம் இல்லை இது. கீழப்பழுவூரில் விவசாயம் பார்க்கும் என் அக்கா வீட்டுக்காரரின் வலது காலைக் காப்பாற்ற, கடந்த மாசியில் பெரம்பலூர் போய்வந்தோம். மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அதைவிடப் பழைய சிநேகம் பீடி. கால் சில்லென்று கிடக்கிறதே என்று அக்கா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, கட்டைவிரல் கறுத்துப்போனது. ஓர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடச் சொன்னார்கள். பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், குழாய் விட்டு ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து பார்க்கலாம் என்றார்கள். உடனே கிளம்பிவிட்டோம்.

காலை ஐந்தரைக்கு வாடகைக் கார், ஒருவழிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அரியலூர் வழியாகச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் போதும். முன்னால் சிமென்ட் லாரிகள் ஊர்ந்தால் ஒன்றரை. எங்களுக்கு ஒன்றரை ஆனது.

"ஓவர்டேக் பண்ணச் சொல்லாதீங்க சார். காலு வைத்தியத்துக்குத்தான் போறோம், தலைக்கு இல்ல" என்றார் ஓட்டுநர். மாமாவே சிரித்துவிட்டார்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, அடைத்த இடத்தில் சின்ன பலூனை ஊதி விரிக்கிறார்கள். மயக்கம் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து மாமாவை வெளியே கொண்டுவந்தார்கள். போர்வை விலகியதும் அக்கா அலறினாள். கட்டு இடது தொடையில் இருந்தது.

"நோவு வலது காலுல, நல்ல காலப் போயி குத்திப்புட்டாங்களே! ஏங்க, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன்டி. பேசாம படுங்க பெரியவரேன்னுட்டாங்க."

படித்தவன் என்ற தெம்பில் நானும் நர்ஸிடம் எகிறினேன். டாக்டர் வந்து நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு காலுக்குப் போற ரத்தக்குழாயும் வயித்துக்குள்ள ஒரே குழாயிலேருந்துதான்மா பிரியுது. இடது பக்கமா ஏறி வலது பக்கம் இறங்கினோம். கால தொட்டுப் பாருங்க."

அக்கா தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். "தம்பி, வெதுவெதுன்னு இருக்குடா" என்று அழுதாள். பிறகு கட்டைவிரலை மட்டும் எடுத்தார்கள். கால் தப்பியது.

நீங்கள் போவதானால் பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காதீர்கள். சிறுநீரகப் பரிசோதனையை முதலிலேயே கேட்பார்கள். ஊசி போட்ட காலை மணிக்கணக்கில் மடக்காமல் படுக்க வேண்டும், துணைக்கு ஆள் தேவை. எல்லா அடைப்பும் திறக்காது. திறந்ததும் திரும்ப அடைக்கலாம். பீடியை விட்டே தீர வேண்டும். மரத்த காலுக்கு ஒத்தடம் கூடவே கூடாது. எந்தக் காலில் குத்துவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். எங்களைப்போலக் கத்தி ஆஸ்பத்திரியைக் கூட்டாதீர்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

போன வாரம் கீழப்பழுவூர் போயிருந்தேன். மக்காச்சோளக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்த மாமா, பழக்கதோஷத்தில் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். செருப்போடு வாசற்படியை மிதித்தால் பெற்ற பிள்ளையையும் விடாதவள் என் அக்கா.

"கழட்டாதீங்க, அப்புடியே உள்ள வாங்க" என்றாள்.

மாமா வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தார்.