ஹாரன் இல்லாத வண்டி

"ஏனுங்க டீச்சர், ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு யாரையுங்க முந்தறீங்க?"

கீழ்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். முறுக்குத் தட்டோடு மாடிக்கு வந்தவர், டிவியில் பறந்த ரேஸ் காரையும், கையில் கன்ட்ரோலரோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்து மழுப்பினேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவளிடம் பதில் இல்லாத கேள்வி!

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். அது ஃபார்முலா கார் பந்தயம். கூரை கிடையாது, ஒரே சீட், நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்ட கன்சோல். துணிக்கடைக்குத் தனியாகப் போக அலுப்பாக இருந்தது... அதுவும் ஒரு காரணம்.

நான் குடியிருப்பது ஆட்டையாம்பட்டியில். வார நாளெல்லாம் கீழே தறி ஓடும். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் உறைக்காது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அப்போதுதான் வீடு எவ்வளவு பெரிது என்று தெரியும். இத்தனைக்கும் ஒற்றை அறைதான்.

அதனால் ஞாயிறு மதியம் ஆன்லைனில் ஓட்டுவேன். சின்னக் கூட்டம்; எல்லாம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பையன்கள். முகம் தெரியாது, ஹெட்செட்டில் குரல் மட்டும். அங்கே என் பெயர் 'டிஎன் 28'. அப்பா ஓட்டும் லாரியின் நம்பர் அப்படித்தான் தொடங்கும். மைக்கை மட்டும் நான் ஆன் செய்ததே இல்லை. ஆகவே அவர்களுக்கு நான் அண்ணா! பெண் என்று தெரிந்தால் பேச்சு மாறும், கிண்டல் நிற்கும், மரியாதை வரும். மரியாதை எனக்குக் கல்லூரியிலேயே நிறையக் கிடைக்கிறது.

இரண்டிரண்டு பேர் ஒரு டீம். என் ஜோடி, சேந்தமங்கலத்துப் பிரகாஷ். இருவர் பாயின்ட்டும் சேர்ந்துதான் டீமுக்கு.

போன ஞாயிறு கடைசிச் சுற்றில் நான்தான் முதல். எதிரே ரோடு காலி. கண்ணாடியில் ஒரு சிவப்பு வண்டி, எதிர் டீமுடையது, நெருங்கி வந்து இடமும் வலமும் ஆடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரம் ஒதுங்கி வழி விட்டேன்!

பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் லாரியில் கிளீனர் சீட்டில் வளர்ந்தவள் நான். பின்னால் வருகிறவன் அவசரப்பட்டால் அப்பா வண்டியை ஒதுக்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் 'போ' என்று வீசுவார். முந்திப் போகிறவன் ஒரு ஹாரன் அடித்து நன்றி சொல்வான். பதிலுக்கு நாங்களும் ஒன்று அடிப்போம். அதை அடிக்கும் வேலை என்னுடையது. அந்தப் பழக்கம் ரேஸ் டிராக்கில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

ஹெட்செட்டில் ஒரே சிரிப்பு.

"டேய், அண்ணா சைடு குடுத்துட்டாருடா!"

"லாரிக்காரராட்டம் இருக்குது. அடுத்த வாட்டி டீக்கடையில நிறுத்திட்டு வழி உடுவாரு!"

நானும்தான் சிரித்தேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.

பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணா. உடாதீங்க, உடாதீங்கன்னு தொண்ட வறளக் கத்துனேன். ஒரு பதிலு இல்லீங்க. பேசாத ஆளோட எப்படிங்க டீம் ஓட்டறது? அடுத்த வாரத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேனுங்க."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருந்த குரல்களும் போகப்போகின்றன. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு துக்கமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் எல்லோரும் போன பிறகும் ஹெட்செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். நாக்பூர் தாண்டி எங்கோ லோடு இறக்கக் காத்திருந்தார்.

"டிவி ரேசுல சைடு குடுத்துட்டேனுங்கப்பா."

"நல்லதுதான சாமி? ஆரன் அடிச்சானா?"

"அந்த வண்டியில ஆரனே கெடையாதுங்கப்பா."

"ஆரன் இல்லாத வண்டியா! அத எவன் ரோட்ல உட்டான்?" வெகுநேரம் சிரித்தார். பிறகு, வழியில் பார்க்கிற டிரைவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்: "கூட யாரு சாமி வாராங்க?"

"யாரும் இல்லீங்கப்பா. ஒரே சீட்டுதான்."

"ம்" என்றார். அந்த 'ம்' போனை வைத்த பிறகும் காதில் இருந்தது.

கீழ்வீட்டு அக்காவின் கேள்வி அப்போதுதான் உறைத்தது. யாரை முந்தினேன்? எங்கள் வீட்டில் எல்லோரையும்! அப்பா ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படிப்பார். அதற்கு மேல் எழுத்து அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அம்மாவுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் கல்லூரியில் நடக்கிற அரசியலை அம்மாவிடம் சொன்னால், "நீ சாப்புட்டியா?" என்கிறார். அப்பாவின் லோடு பற்றிக் கல்லூரியில் சொன்னால், "ஓ" என்கிறார்கள். முதலில் ஓடுகிறவளின் திரையில் என்ன தெரியும்? காலி ரோடு. அன்று நான் வழி விட்டது பழக்கத்தாலா... இல்லை, முன்னால் ஒரு வண்டி தெரிந்தால் தேவலை என்ற ஆசையாலா? எனக்கே சந்தேகம்தான்.

நேற்று மாலை பிராக்டீஸ். பிரகாஷுக்கு வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மைக் பட்டனை அழுத்தினேன்.

"பிரகாஷ், டிஎன் பேசறேனுங்க."

யாருடைய வண்டியோ சுவரில் மோதும் சத்தம்.

"ஏனுங்க... அக்காங்களா?" என்றார் பிரகாஷ்.

"ஆமாங்க. லாரிக்காரர் மகதான். நீங்கல்லாம் சொன்னது பாதி சரி."

"போச்சு! இத்தன நாளா என்னென்ன பேசித் தொலைச்சமோ!" என்று ஒரு குரல் அலறியது.

"எல்லாமே கேட்டுச்சுங்க" என்றேன்.

என் முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிரகாஷின் வண்டி, நேர்ரோட்டில் மெல்ல ஓரம் ஒதுங்கியது.

"போங்கக்கா. நாளைக்கு எங்கூட நீங்கதான் ஓட்டறீங்க. யாருக்கும் சைடு மட்டும் குடுத்துராதீங்க, புண்ணியமாப் போகும்."

முந்தினேன். வழி விட்டவருக்கு ஒரு ஹாரன் அடிக்க வேண்டுமே... கட்டைவிரல் கன்ட்ரோலரில் தன்னால் தேடியது. ஏது ஹாரன்? அதனால் வாயைத் திறந்து சொன்னேன்:

"பின்னாடியே வாங்க, பிரகாஷ்."