கொசுறு சார் வாங்கிய நூற்றுப் பத்து கவர்

எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு என்றால் ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, கொசுறு சார். அவ்வளவுதான். நாங்கள் லிஃப்ட் பராமரிக்கிறவர்கள். கம்பி வடம், கிரீஸ், பல்பு என்று எதை வாங்கினாலும் அவர் கை வழியாகத்தான் வரவேண்டும். பத்து பல்பு வாங்கினால் பதினோராவது பல்பைச் சும்மா வாங்காமல் கடையை விட்டு நகர மாட்டார். முதுகுக்குப் பின்னால் வைத்த அந்தப் பெயரை முகத்துக்கு நேராகவே சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டோம். அவரும் அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதைப் போல வைத்துக்கொண்டிருக்கிறார். எதிர் மேஜையில் கணக்கு பார்க்கும் நான் பதினெட்டு வருடமாக இந்தக் கூத்தைச் சகித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் லீவு போட்டால் எனக்குப் பொழுது போவதில்லை, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தக் காகிதத்திலும் முதல் தடவையே கையெழுத்துப் போடக்கூடாது. "ஒரு தடவை திருப்பி அனுப்பினாத்தாம்மா அதுல இருக்கிற ஓட்டை தெரியும்" என்பார். சொல்லிச் சொல்லி அந்த வியாதி அலுவலகம் முழுக்கத் தொற்றிவிட்டது. கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தால்கூட, எவ்வளவு ஒழுகுகிறது என்று கேட்டு ஒருமுறை திரும்பி வரும்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே குறை, மனைவியின் தம்பி. அவனும் எங்களிடம்தான் மெக்கானிக், தினக்கூலி. "ரெண்டு வாரம் மட்டும் மாமா" என்று வந்தவன் மூன்று வருடமாக ஹால் சோபாவில் படுத்திருக்கிறான். அது கொசுறு சார் ஒரு மத்தியானம் முழுக்கப் பேரம் பேசி, இரண்டு திண்டுகளைக் கொசுறாகப் பிடுங்கிக்கொண்டு வாங்கிய சோபா. அவரோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். மனிதர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வரும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஒப்பந்தம் வருவதாக இருந்தது. பதினான்கு லிஃப்ட். கூடவே, அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒரு நிரந்தர மெக்கானிக் வேண்டும், தங்க அறை அவர்களே தருவார்கள். அந்த இடம் மச்சினனுக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி ஒரு நிபந்தனை போட்டது. காகிதமே கூடாது, கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பிக் கையெழுத்தாக வேண்டும், மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள். அதற்கான மென்பொருளை வாங்கும் வேலை கொசுறு சாரிடம் வந்தது. சோபாவுக்கான வழி திறந்த மகிழ்ச்சியில் அன்று அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் அது முதல் டீ.

மென்பொருள் விற்கும் பெண் வீடியோ அழைப்பில் வந்து பொறுமையாக விளக்கினாள். அனுப்புகிற ஆள் கணக்கில் மாதக்கட்டணம் கட்டினால் எத்தனை வேண்டுமானாலும் அனுப்பலாம். அல்லது கவர் கணக்கு. கையெழுத்துக்காக ஒருமுறை அனுப்பினால் அது ஒரு கவர். வருடத்துக்கு நூறு கவர், விலை பாதிக்கும் கீழே.

"வருஷத்துக்கு அறுபது ஒப்பந்தம்தாம்மா போடறோம். நூறே ஜாஸ்தி. விலையைக் குறைங்க."

"இதுவே கடைசி விலை சார்."

கொசுறு சார் சட்டென்று எழுந்து போய்விட்டார். கடைகளில் மூன்று அடி நடந்தால் கூப்பிட்டுவிடுவார்கள், அந்தப் பழக்கம். இங்கே நடந்தால் அலமாரிதான் வரும். அதன் ஓரத்தில் ஒளிந்து நின்று, கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். அந்தப் பெண் காலி நாற்காலியைப் பார்த்தாள், இணையம் தொங்கிவிட்டது என்று நினைத்து அழைப்பைத் துண்டித்தாள். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் அவளே, "சார், அலமாரி பக்கத்துலதானே நிக்கறீங்க, வாங்க. பத்து கவர் சும்மா தர்றேன்" என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தோடு விடவில்லை. கவர் தீர்ந்தால் கூடுதல் கவருக்குத் தானாகவே கட்டணம் விழும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. "நம்மளக் கேக்காம பில்லு ஏறுமா? தீர்ந்தா நிக்கட்டும்" என்று அதை அடிக்கவைத்தார். அந்த ஒப்பந்தத்தை ஒன்பது முறை திருப்பி அனுப்பிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வாங்கியாகிவிட்டதே, சும்மா கிடப்பானேன் என்று முதலாளி இனி எல்லாச் சீட்டும் இதிலேயே போகட்டும் என்றார். போயின.

மாதக் கடைசி நாள், மாலை நாலேகால். ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை ஏற்றி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். கவர் தீர்ந்துவிட்டது என்றது திரை.

"எப்படிம்மா தீரும்? நூத்திப்பத்து இருந்துச்சே" என்று ஓடி வந்தார்.

பட்டியலைத் திறந்து காட்டினேன். பத்தொன்பது நாளில் ஒப்பந்தங்கள் மொத்தம் நான்கு. மீதி எல்லாம் லீவுச் சீட்டு, குழாய், துடைப்பம், அவை திரும்பித் திரும்பிப் போன பயணம். காகிதத்தில் திருப்பினால் காசில்லை, இதில் ஒவ்வொரு மறு அனுப்பலும் புதுக் கவர். மச்சினன் ஒரு ஜோடி கையுறை கேட்டது மட்டும் ஐந்து கவர் தின்றிருந்தது. எந்தக் கைக்கு என்று கேட்டுத் திருப்பியவர் கொசுறு சாரேதான்.

அவர் அப்படியே என் மேஜை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷம்மா" என்றார். அவர் சொன்னது சோபாவை.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விற்பனைப் பெண்ணுக்கு போன் போட்டுக் கொடுத்தேன்.

"ஐம்பது கவர் கட்டு ஒண்ணு இருக்கு சார். முன்னாடி நூறு கவருக்குக் கொடுத்தீங்களே, அதே விலை. ஒப்பந்தம் எங்க பக்கத்துலேர்ந்து அனுப்பறேன், நீங்க கையெழுத்து போட்டதும் திறந்துடும்."

பாதிக் கவருக்கு முழு விலை. அவர் எழுந்தார். அனிச்சையாக அலமாரி வரை போனார். யாரும் கூப்பிடவில்லை, அது போன்தானே. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகவே திரும்பி வந்தார்.

"சார், மணி நாலு நாப்பது" என்றேன்.

செல்போன் திரையில் ஒப்பந்தம் வந்து நின்றது. வலது கை விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, முதல் தடவை வந்ததிலேயே கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்று அங்கே கையெழுத்துப் போடுகிற அதிகாரி திருப்பி அனுப்பினார். வைத்து அனுப்பினோம். புள்ளி சரி, தேதியை முழுதாக எழுதவும் என்று மறுபடி வந்தது. நான் பல்லைக் கடித்தேன். கொசுறு சாரோ, "நல்லா படிக்கறார்மா அவரு" என்று மரியாதையாகச் சொன்னார். நாலு ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்தாகி வந்தது.

ஐந்தேகாலுக்கு விற்பனைப் பெண் கூப்பிட்டாள். "சார், கேப்பீங்கன்னு இருபது கவர் தனியா ஒதுக்கி வெச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்லையே."

"இப்ப கேக்கறேம்மா."

"இப்ப கையெழுத்தாயிடுச்சே சார்."

போனை வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட விரலை அவர் முறைத்துப் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை மச்சினன் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். கொசுறு சார் முதலாளியிடம் சொல்லிவிட்டு மதியமே வீட்டுக்குப் போனார். சாய்ந்து தூங்கப் போவதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். மறுநாள் காலை, முதுகைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார்.

"என்ன சார், சோபால தூங்கலையா?"

"போனேம்மா. ஹாலே காலியா இருந்துச்சு. எங்கேடி சோபான்னு கேட்டேன். 'என்னங்க, பாவம் தம்பி தனியா போறான், அங்க படுக்க என்ன இருக்கு, அதான் குடுத்து அனுப்பிட்டேன்'னா."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேரேட்டைப் புரட்டினேன்.

"திண்டு ரெண்டும் இருக்கும்மா" என்றார் அவர். "நான் கேட்டு வாங்கினதாம். அதை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கா."