ஒன்பதில் நின்ற வளையம்

லுக்கேரியாவுக்குக் கோபம் சீக்கிரம் வராது, வந்தால் போகாது. கோடியாக் தீவின் மீன் ஆலையில் அவளோடு நின்று மீன் அறுத்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள். போன இலையுதிர்காலத்தில் கணவன் ஈவானைக் கரடி அடித்துக் கொன்றபோது அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவனுடைய துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டதைத்தான் பார்த்தார்கள்.

பெரிய தோட்டா போடும் துப்பாக்கி அது, கரடிக்கென்றே வாங்கியது. சடலத்தை எடுக்கப் போன ஊர்க்காரர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது தோட்டா சுடப்படாமல் உள்ளேயே இருந்தது. மேலே இருந்த, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் வளையம் ஒன்பதில் நின்றது. தூரத்து மலையைப் பார்க்க ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டுவது நல்லது. புதருக்குள் பத்தடியில் கரடி எழுந்து நின்றால், அந்தக் கண்ணாடியில் தலையும் தெரியாது, நெஞ்சும் தெரியாது. கலங்கலாக முடிதான் தெரியும். அதனால் புதருக்குள் நுழைகிறவன் வளையத்தைக் கீழ் எண்ணுக்கு இறக்கிவிட்டே நுழைவான். ஈவான் தன் துப்பாக்கியின் வளையத்தை இறக்கியே வைத்திருந்தவன், ஒருநாளும் ஏற்றியதில்லை.

கூட வேட்டைக்குப் போயிருந்த அவன் தம்பி மாக்சிம், "அண்ணன் எதையோ பாக்கத் திருப்பிட்டு மறந்திருப்பான். அந்தத் துப்பாக்கிய நான் தொடவே இல்ல" என்றான். ஊர் நம்பியது. பெற்ற தாயே, "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான், அசட்டை" என்று கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் சொன்னாள். ஆலையில் பக்கத்து மேசைக்காரி அதையே திருப்பிச் சொன்னாள்.

லுக்கேரியாவுக்குக் கரடிமேல் அவ்வளவு வன்மம் இல்லை. கரடி பொய் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் நெருங்கிய வாரத்தில் மாக்சிமைக் கூப்பிட்டு, "வசந்தத்துல அந்தக் கரடிய நான் சுடப்போறேன். ஈவானோட ஸ்கோப்பக் கழட்டிட்டேன். புதுசு வாங்கணும், கூட வா" என்றாள். அண்ணிக்குத் துணை நிற்பவன் என்று ஊர் மெச்சும் என்பதால் அவனும் மகிழ்ச்சியாகவே வந்தான்.

பர்னெலின் துப்பாக்கிக் கடை துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. மூலையில் பஞ்சடைத்த கரடி ஒன்று கைகளைத் தூக்கி நின்றது. அடுப்பருகில் மீனவர்கள் இருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா லுக்கி. அந்த மலையில நிக்கிற ஆட்டோட பல்ல எண்ணணுமா? அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான் பர்னெல்.

"எனக்குப் பத்தடியில வர்றது தெரியணும்."

பர்னெலின் கிண்டல் நின்றது. இரண்டு ஸ்கோப்புகளை எடுத்து வைத்தான். ஒன்று வளையத்தைத் திருப்பினால் ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை போகும். மற்றொன்றில் வளையமே இல்லை.

"இது எப்பவும் ரெண்டரை மடங்குதான். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சே சுடலாம், சுத்தியிருக்கிற புதரெல்லாம் தெரியும். கண்ணவிட்டு நாலு அங்குலம் தள்ளி நிக்கும். உன் துப்பாக்கி உதைக்கிற உதைக்கு, கிட்ட வச்சா புருவத்தக் கிழிச்சிரும்."

"அதெல்லாம் கெழவனுங்க வாங்கறது அண்ணி" என்றான் மாக்சிம். "திருப்பறத வாங்குங்க. கிட்டயும் பாக்கலாம், தூரமும் பாக்கலாம்."

"மாக்சிமுக்கு எப்பவுமே ரெண்டும் வேணும்" என்றான் அடுப்பருகில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப நீயே பாத்துச் சொல்லு. உன் படகுக் கயிறு சரியா இருக்கா?" என்று லுக்கேரியா ஸ்கோப்பை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் சன்னலருகே போய் வளையத்தைத் திருகினான். "அடேயப்பா, முடிச்சுகூடத் தெரியுது!" திரும்பி வந்து ஸ்கோப்பை மேசைமேல் வைத்தான்.

"இதத் துப்பாக்கியில மாட்டு பர்னெல்."

அவள் கொண்டுவந்திருந்த ஈவானின் துப்பாக்கி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு பர்னெல் மாட்டினான். வளையத்தைக் கவனித்துவிட்டு நிமிர்ந்தான். தொடாதே என்பதுபோல் அவள் தலையை லேசாக அசைத்தாள். அவன் துப்பாக்கியை அப்படியே அவளிடம் கொடுத்தான்.

அவள் துப்பாக்கியை மாக்சிமிடம் நீட்டி, பஞ்சுக் கரடியைக் காட்டினாள். "கரடி வருது மாக்சிம். சுடு."

அவன் சிரித்துக்கொண்டே தோளில் வைத்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன தெரியுது?"

"இருங்க அண்ணி..."

"அது இருக்காது. வந்துக்கிட்டே இருக்கு. என்ன தெரியுது?"

"முடி. முடிதான் தெரியுது."

"தலை எங்க?"

"தெரியல."

"வளையம் எதுல நிக்குது?"

அவன் துப்பாக்கியை இறக்கிப் பார்த்தான். ஆறு. "படகப் பாத்தேன்... பாத்துட்டு..."

"பாத்துட்டு அப்படியே வச்சுட்ட. அன்னைக்கு எதப் பாத்த?"

மாக்சிம் கரடியைப் பார்த்தபடியே சொன்னான்: "எதிர் மலையில ஆடு நின்னுச்சு. அண்ணன் தூங்கிட்டிருந்தான். அவன் துப்பாக்கிய எடுத்துப் பாத்தேன். திருப்பி எறக்கல. சொன்னா எல்லாரும் என்ன..."

"அதனால செத்தவன் தலையில போட்டுட்ட."

அவன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான்.

"இங்க சொன்னது பத்தாது. ஞாயித்துக்கிழமை கோயில்ல சொல்லு."

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, கோயிலில் எல்லாரும் வரிசையாக நின்று ஒருவரையொருவர் வணங்கி மன்னிப்புக் கேட்பார்கள். எதற்கு என்று யாரும் சொல்வதில்லை.

"நீ எதுக்குன்னு சொல்லிக் கேக்கணும். உங்கம்மாகிட்ட, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"அம்மா தாங்க மாட்டாங்க அண்ணி."

"ஈவான் அசட்டைன்னு சொல்லத் தாங்கிச்சே."

"நான் சொல்லலேன்னா?"

"இங்க இருக்கிற மூணு பேரும் சொல்லுவாங்க."

அடுப்பருகில் இருந்தவர்கள் மறுக்கவில்லை. லுக்கேரியா வளையம் இல்லாததை வாங்கிக்கொண்டாள். கரடி வேட்டைக் காலத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாக்சிம் சொன்னான். குரல் எழும்பாததால், "சத்தமா" என்று லுக்கேரியா ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. கிழவி மகனை அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் தரையில் உட்கார்ந்து, மூத்தவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். லுக்கேரியா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் உடம்பில் முதல்முறையாகச் சூடு பரவியது.

வரிசை நகர்ந்தது. மாக்சிம் அவள்முன் வந்து இடுப்பு வளைய வணங்கினான். "என்ன மன்னிச்சிருங்க அண்ணி."

கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்பதுதான் எல்லாரும் சொல்லும் மறுமொழி.

"கடவுள் மன்னிப்பார்" என்றாள் லுக்கேரியா.

அவன் குனிந்தபடியே மீதிக்காகக் காத்திருந்தான். அவள் நகர்ந்து, அவனுக்கு அடுத்து நின்றவரை வணங்கினாள்.