குட்டைக்கரையில் பச்சைச் சேலை

எங்கள் தெருக்காரர்கள் ஊர்விட்டுப் போவதற்கு அந்தக் காலத்தில் மூன்று காரணங்களே இருந்தன: கோயில், கல்யாணம், சாவு. மிருகங்களைப் பார்ப்பதற்கென்று பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது, எனக்குத் தெரிந்து, எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

குமாரபாளையத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் ஆறு தறிகள் வைத்திருந்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நூல் வரத்துக் குறைந்து தறிகள் பாதி நாள் சும்மா நின்ற ஒரு பங்குனியில், சத்தியமங்கலத்துக்கு மேலே காட்டில் ரேஞ்சராக இருந்த அப்பாவின் பள்ளித் தோழர் ஒரு கடிதம் எழுதினார். கோடையில் ஓடைகள் வற்றிவிடும், பங்களாவுக்குக் கீழே உள்ள குட்டையில் மட்டும் தண்ணீர் நிற்கும், மாலையில் போய் உட்கார்ந்தால் யானைக் கூட்டத்தையே பார்க்கலாம், குடும்பத்தோடு வரவும். அப்பா அந்தக் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, ஐந்தாம் நாள் பெரியப்பாவிடம் நீட்டினார்.

“தறிய நிறுத்திப்போட்டு, பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போயி, மானையும் மாட்டையும் பார்த்துட்டு வாரதாக்கும்?” என்றார் பெரியப்பா.

“அப்படியே பண்ணாரி அம்மனையும் கும்பிட்டுட்டு வாரோமுங்கண்ணா” என்று அப்பா சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது. அம்மன் பெயர் வந்துவிட்டதால் அத்தையையும் அழைத்துக்கொள்ள முடிந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, மூன்றாம் வருஷமே கணவனை விஷக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், எனக்கு எட்டு. நாள் முழுதும் ராட்டையின் முன் உட்கார்ந்து தறிகளுக்கு ஊடை நூல் சுற்றுவாள். சிவப்பும் மஞ்சளும் மயில்நீலமுமாக நூல் அவள் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும். அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பவானியில் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் ஏறினோம். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் வண்டி நின்று மூச்சு வாங்கியது. இறங்கும்போது அண்ணனின் மூக்கு கருத்திருந்தது. என்னுடையதும் அப்படித்தான் என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டு, இரவு சத்திரத்தில் தங்கி, மறுநாள் மதியம் மலைமேல் பங்களாவை அடைந்தோம். ரேஞ்சர் வேலையாக வேறு பக்கம் போயிருந்தார். எங்களைப் பார்த்துக்கொள்ளும்படி காட்டைக் காவல் காக்கும் ஒரு கார்டை விட்டுப் போயிருந்தார். ஒல்லியான, காக்கி உடுப்பு அணிந்த மனிதர்.

மூன்று மணிக்கு அவர் எங்களை வாசலில் வரிசையாக நிற்கவைத்தார்.

“பேசப்படாது. இருமப்படாது. வெத்தல பாக்கு வேண்டாமுங்க, வாசம் அதுகளுக்கு எட்டிரும்” என்றவர், எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “அப்பறம், வெள்ளத்துணி ஆவாதுங்க. தழைக்குள்ள வெள்ளையாத் தெரிஞ்சுதுன்னா ஒரு மான்கூடத் தண்ணிக்கு எறங்காது.”

அப்பா தம் வேட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அத்தையை யாரும் பார்க்கவில்லை. அத்தை மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

கார்டு உள்ளே போய்ப் பழுப்பு நிறக் கம்பளிகள் இரண்டு கொண்டுவந்தார். அவ்வளவுதான் இருந்தன. ஒன்றை அப்பா போர்த்திக்கொண்டார். மற்றொன்றை அம்மா சட்டென்று வாங்கி, காக்கிச் சட்டையும் காக்கி நிஜாரும் போட்டிருந்த அண்ணனைச் சுற்றி இறுக்கிவிட்டாள்.

“எனக்கெதுக்கும்மா? வேகுது!”

“காட்டுக்காத்து ஒத்துக்காது. பேசாம போர்த்திக்கடா.”

காற்று என்று ஒன்று அன்று இல்லவே இல்லை. அண்ணனின் நெற்றியில் வியர்வை ஓடியது. அந்த இரண்டாவது கம்பளி யாருக்குப் போயிருக்க வேண்டியது என்பதையும், அது அங்கே போகாமல் அம்மா ஏன் தடுத்தாள் என்பதையும், நானும் ஒரு குடும்பத்தை நடத்தத் தொடங்கிய பிறகே புரிந்துகொண்டேன்.

“நான் பங்களாவுலயே இருக்கறனுங்க அண்ணி” என்றாள் அத்தை. “நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

“சொல்றதக் கேக்கறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?” என்று அம்மா பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து தன்னுடைய சேலை ஒன்றை எடுத்தாள். எங்கள் தறியிலேயே நெய்தது. மழைக்குப் பின் புளியிலை இருக்குமே, அந்தப் பச்சை. “இந்தா.”

“அய்யோ, வேண்டாமுங்க. யாராச்சும் பார்த்தா...”

“இந்தக் காட்டுல ஆரு பார்க்கப் போறாங்க? யானையா குமாரபாளையத்துக்கு வந்து சொல்லப் போவுது?”

அத்தை தாழ்வாரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, உங்களத்தான். கேக்குதுங்களா?” என்றாள் அம்மா.

“கார்டு கூப்பிடறாரு. சீக்கிரம் வாங்க” என்று சொல்லிவிட்டு, திரும்பாமலே படியிறங்கிப் போனார் அப்பா. அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவருடைய துணிச்சல் அந்த அளவில்தான் இருந்தது. அன்று அது போதுமானதாகவும் இருந்தது.

கதவு மூடித் திறந்தது. நிறைகுடம் ஒன்றைத் தலையில் வைத்திருப்பவளைப் போல் அத்தை மெல்ல நடந்து வந்தாள். கை அடிக்கடி கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தது. என்னைத் தாண்டிப் போகும்போது அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசக் கூடாது என்று கார்டு சொல்லியிருந்தாரே!

குட்டைக்கரை மேட்டில் தழைகளை வைத்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் ஐந்து பேரும் கார்டும் நெருக்கி உட்கார்ந்தோம். முதலில் மயில்கள் வந்தன. பிறகு புள்ளிமான்கள், ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று, எதையோ கேட்பவை போல இறங்கின. காட்டெருமை ஒன்று முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல் வந்து நின்று, எங்களைக் கண்டுகொள்ளாமல் குடித்துவிட்டுப் போயிற்று. வெயில் மஞ்சளாகத் தொடங்கியபோது, எதிர்க்கரை மூங்கில்கள் தாமாகவே விலகினாற்போல் விலகி, யானைகள் வந்தன.

ஏழு யானைகள். நடுவில் ஒரு குட்டி. இத்தனை பெரிய உடம்புகள் இத்தனை சத்தமில்லாமல் நடக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரியவை வரிசையாக நின்று குடித்தன. குட்டி தண்ணீருக்கு ஓடி, சேற்றில் சறுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே குட்டைக்குள் போய் விழுந்தது. தாய் அதைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது. அது மறுபடியும் வேண்டுமென்றே போய்ச் சறுக்கியது.

என் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. மூன்றாவது முறை குட்டி சறுக்கியபோது முந்தானை தோற்றுப்போயிற்று. அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

முன்னால் நின்ற யானை காதுகளை விரித்து எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு கூட்டம் குட்டியை நடுவில் விட்டு, வந்தபடியே மூங்கிலுக்குள் போய்விட்டது.

“அத்தை சிரிச்சதுலதான் யானை ஓடிப்போச்சு!” என்றான் அண்ணன், அழாத குறையாக.

“ஓடுலீங்க தம்பி, குடிச்சுட்டுப் போவுது” என்றார் கார்டு. “ஓடிருந்தாலும் உன்ற கம்பளியப் பார்த்துக் கரடின்னு நெனச்சிருக்கும்.”

அத்தை மறுபடியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். அப்பா எழுந்து கம்பளியை உதறி மடித்தார். மடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலை நான் விழித்தபோது அத்தை வெள்ளைச் சேலையில் இருந்தாள். பச்சைச் சேலை துவைக்கப்பட்டு வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நான்காக மடித்து, இரு கைகளாலும் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

திரும்பும் வழியில் பவானி கூடுதுறையில் குளிக்க இறங்கினோம். அம்மாவும் அத்தையும் பெண்கள் படித்துறைக்குப் போயிருந்தார்கள். அப்பா என்னையும் அண்ணனையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரைக் கையில் அள்ளச் சொன்னார்.

“அத்தை பச்சைச் சேல கட்டுனதப் பத்தி ஆருகிட்டயும் பேசப்படாது. சத்தியம் பண்ணுங்க.”

“ஆருகிட்டயும்னா?” என்றான் அண்ணன்.

“ஆருகிட்டயும்னா ஆருகிட்டயுந்தான். அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. ஊட்டுல பெரியப்பாவுக்குத் தெரிஞ்சுதுன்னா உங்கத்தையை எருமப்பட்டிக்கே அனுப்பிருவாங்க. அங்க அவளுக்கு ஒரு வாய்ச் சோறு போட ஆளில்ல.”

அள்ளிய தண்ணீரை ஆற்றில் விட்டுச் சத்தியம் செய்தேன்.

வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். நான் யானையைச் சொன்னேன், குட்டியைச் சொன்னேன், கரடியான அண்ணனைச் சொன்னேன். சேலையைச் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது, அன்றைக்கும் அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எண்ணிக்கொள்வேன். அப்படியே மாதங்கள் போயின.

ஐப்பசியில் ஒரு மழைப் பகல். ஆறு பெருகியிருந்ததால் எல்லாரும் பாலத்தடிக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். எனக்குச் சளி, என்னைப் போகவிடவில்லை. அத்தை ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நூல் சிட்டங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ராட்டை நின்றது.

“சாமி” என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. “அன்னிக்குக் குட்டைக்கரையில, அந்தச் சேலையில, நான் எப்படி கண்ணு இருந்தேன்?”

கூடுதுறைத் தண்ணீர் உள்ளங்கையில் மறுபடி குளிர்ந்தது. ஆருகிட்டயும்னா ஆருகிட்டயுந்தான்.

“வெள்ளச் சேலையிலதானுங்க இருந்தீங்க அத்தை” என்றேன். “எப்பவும் போல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணிமைக்காமல் நின்றேன்.

“ஆமா சாமி” என்றாள். “நாந்தான் மறந்துட்டேன்.”

அதன்பிறகு முப்பது வருஷங்களுக்கு மேல் அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. அவளும் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்க முடியாது, அம்மாவிடம் கேட்கக் கூச்சம். அந்தப் பங்களாவில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அந்தச் சேலையில் அவளை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவள் மட்டும் பார்த்ததில்லை.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. சத்தியம் தவறாத பெருமையில் மார்பு நிமிர, அடுத்த சிட்டத்தை எடுத்து நீட்டினேன். அத்தை வாங்கிக்கொண்டாள்.