பெட்டியோடு திரும்பி வந்த சீமை சைக்கிள்

பிள்ளைகளே, கடையில் நிற்கும் புது சைக்கிளைக் கேட்டு நீங்கள் அடம்பிடிக்கிறீர்கள். நான் உங்கள் வயதில் இருந்தபோது செஞ்சியில் பழைய சைக்கிளுக்குத்தான் கிராக்கி.

திண்டிவனத்து மைனர் ஒருவர் எங்கள் ஊரில் பெண் எடுத்தார். மாமனார் வீட்டுக்குத் தாத்தா காலத்துச் சீமை சைக்கிளில்தான் வருவார். முன்னால் பித்தளை விளக்கு. அதைப் பார்த்ததிலிருந்து இளவட்டங்களுக்குப் பித்துப் பிடித்தது. துரைமார் விட்டுப்போன வண்டிகளைத் தேடி அலைந்தார்கள். கிடைக்காதவர்கள் புது வண்டியின் பெயிண்டைச் சுரண்டிப் பழசாக்கிக்கொண்டார்கள்.

எங்கள் நைனாவிடம் அசல் சீமை சைக்கிளே இருந்தது. அதில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு தளவானூர் வரை போய் விற்று வருவார். சந்தை நாளில் மட்டும் மூட்டை கிடையாது, கேரியர் எனக்கு.

அந்த நேரம் பார்த்து நைனாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுப்பது அன்றைய வழக்கம். நைனா புது வண்டி என்றார். மாப்பிள்ளையின் அம்மாவோ வாசலில் நின்றதைக் காட்டினார்.

“புதுசு எவன்கிட்டதான் இல்ல? இத்தக் குடுங்க.”

“இது பழசும்மா.”

“பழசுக்குத்தாங்க இப்ப மவுசு.”

அத்தையோடு வண்டியும் போயிற்று. நைனா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் வண்டிக்காக அழுதேன்.

சில மாதங்களில் மைனர் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். அவ்வளவுதான், சீமை சைக்கிள் காயலான் கடைச் சரக்காகிவிட்டது. ரிப்பேருக்குச் சாமான் கிடைக்காது என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

ஒருநாள் மாமா அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் டிரங்குப் பெட்டி. பின்னால் அத்தை.

“இந்தாங்க மச்சான், உங்க ஓட்ட வண்டி. வழியிலேயே செயின் அறுந்துபோச்சு. ஊரே சிரிக்குது. புதுசு வாங்கிட்டுச் சொல்லி அனுப்புங்க, வந்து இவள கூட்டிக்கினு போறேன்.”

“செயின் மாத்திக்கலாமே மாப்ள. உள்ள வாங்க, சாப்டுட்டுப் பேசலாம்.”

மாமா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அம்மா கொடுத்த தண்ணீரை அத்தை குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் மணியை அடித்துப் பார்த்தேன். அதே சத்தம்! “டேய், சும்மா இருடா” என்றார் நைனா.

பெரியவர்கள் உள்ளே போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்கள். போன வண்டி திரும்பி வந்த வீட்டில் எதற்கு இவ்வளவு துக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் சந்தை. பெட்டி இன்னும் கேரியரிலேயே இருந்தது. நான் தனியாகக் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை இறக்கிச் சுவரோரம் வைத்தேன். எனக்கு உட்கார இடம் வேண்டுமே.